ஊழியர்களுக்கு மட்டும்

நவம்பர் 3

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முதுகுவலி விட்டபாடில்லை. நாற்காலியை மாற்றுங்கள் என்கிறார் டாக்டர். நாற்காலியைவிட வாடிக்கையாளர்களை மாற்றினால் தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றுவதென்றால் முதல் ஆள் நீதான்.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. எழுதினால் நீ லேசில் பதில் போடுவதில்லை. இரண்டில் எழுதுவதே மேல், கோப்பிலாவது வைக்கலாம்.

உன் சலவை நிலையத்தின் ஆண்டு முடிவு விருந்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வருஷ விருந்துக் கணக்குக்காக வரி அதிகாரி என்னைக் குடைந்தெடுத்தது உனக்குத் தெரியாது. நீ மெஷின் சத்தத்தில் நிம்மதியாக இருந்தாய். "இது ஆளுங்களுக்கு வெச்ச விருந்தா, முதலாளி வீட்டு விசேஷமா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? ஓட்டல் மேனேஜர்கள் வந்தார்கள், உன் மச்சினன் பட்டாளம் வந்தது, துணி மடிக்கிற பெண்ணின் நாத்தனார் பிள்ளைகள்வரை வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். தொண்டை வற்ற வாதாடி ஒப்பேற்றினேன்.

இந்த வருஷம் ஒழுங்காகச் செய். வேலை செய்கிற எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் விருந்து என்றால் மொத்தச் செலவையும் தொழில் செலவாக வருமானத்தில் கழித்துவிடலாம். வெளியார் கலந்தால்தான் வில்லங்கம். ஆகவே உன் வீட்டார் வேண்டாம். ஆட்களின் வீட்டாரும் வேண்டாம். ஓட்டல்காரர்கள் வேண்டவே வேண்டாம். ஆட்களில் ஒருவரையும் விடாமல் கூப்பிடு. வாயால் சொல்லாதே, எழுதி ஒட்டு.

என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். கணக்குப் பார்ப்பவளும் ஒருவகையில் உன் ஆள்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


நவம்பர் 25

பென்சிலுக்கு,

ஐம்பதைத் தாண்டியவளை இப்படிக் கூப்பிடாதீர்கள் என்கிறாள் உன் அண்ணி. மூக்கும் நாக்கும் இன்னும் அதே கூர்மைதானே, பிறகு என்ன? நாங்கள் நன்றாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஓட்டல்காரர்கள்தான் கேட்பதில்லை.

நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டேன். பெரிய அட்டை வாங்கி, ஆட்கள் உள்ளே வரும் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். 'ஆண்டு முடிவு விருந்து. ஊழியர்கள் அனைவரும் வருக. ஊழியர்களுக்கு மட்டும். குடும்பத்தார் எவருக்கும் அனுமதி இல்லை.' கடைசி வரி சிவப்பு மையில். உன் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் அது தெரியும்.

வருஷக் கடைசியில் படுக்கை விரிப்பும் துண்டும் மலையாகக் குவியும், மெஷினை நிறுத்த வழியே இல்லை. அதனால் டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆட்களின் வார விடுமுறையன்று வைத்துவிட்டேன். முழுவதும் கழிக்கலாம் என்றாயே, கஞ்சத்தனம் பண்ணவில்லை. நல்ல மண்டபம், நாற்பது பேருக்கு வயிறாரச் சாப்பாடு, பாட்டுக் கச்சேரிக்கு மூன்று பேர்.

எல்லோருக்கும் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாய்லர்காரர் மட்டும், "பசங்களும் வேணாமா சார்?" என்று கேட்டார். "சட்டம் அப்படி" என்றேன். தலையாட்டினார். இஸ்திரிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற அக்கா அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்


ஜனவரி 14

அன்புள்ள அண்ணா,

புது வருஷத்தில் எல்லோருக்கும் உடம்பு சௌகரியமா? இங்கே குளிர் தாங்கவில்லை, உதவியாளப் பெண்ணுக்கு ஜலதோஷம், எனக்கு அவள்மேல் எரிச்சல். உறையின்மேல் 'பென்சில்' என்று எழுதாதே, அவள் அதைப் பார்த்துத் தும்மலுக்கு நடுவே சிரிக்கிறாள்.

விருந்து நன்றாக நடந்ததா? நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். பாட்டுக்காரர்கள் எப்படி, பாய்லர்காரர் இந்த வருஷமும் பாடினாரா, சாப்பாடு எல்லோருக்கும் போதுமானதாக இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில்தான் இருந்தேன். குறிப்பாக வேலை ஒன்றும் இருக்கவில்லை.

போகட்டும். பில்களை அனுப்பு. யார் யார் வந்தார்கள் என்று இரண்டு வரி எழுது. இரண்டு போட்டோவும் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


பிப்ரவரி 20

அண்ணா,

சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லை என்றால் யாராவது போன் செய்திருப்பார்கள்.

பில்கள் வந்தன. கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மண்டப வாடகை இருக்கிறது, பாட்டுக்காரர்களின் ரசீது இருக்கிறது, சாப்பிட்ட மனிதர்களைத்தான் காணோம். உன்னை நம்பிக் கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், நேற்று வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. போன வருஷ ஞாபகத்தில் இந்த வருஷமும் உன் விருந்தைத்தான் முதலில் பிடித்திருக்கிறார்கள். என்னுடைய மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் விருந்தே வைப்பதில்லையா, உன் ஒருவனுக்காகத்தான் அந்த அலுவலகம் திறந்திருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் கேட்பது பெரிய விஷயமா? யார் வந்தார்கள்? இதற்குப் பதில் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்?

தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இருந்தால் இப்படி எழுதமாட்டாய், டாக்டரைப் பார்.

இங்கே நீராவிக் குழாய் வெடித்து இரண்டு மெஷின் படுத்துவிட்டது. ஓட்டல்காரன் விரிப்பில் மஞ்சள் கறை என்று ஒரு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டான். இதற்கு நடுவில் யார் வந்தார்கள், எத்தனை பேர் தின்றார்கள் என்று நீ என்னைப் பிடுங்குகிறாய். நான் ஒன்று கேட்கிறேன். என் ஆட்களுக்கு என் காசில் சோறு போட்டால் இந்த அதிகாரிகளுக்கு ஏன் வயிறு எரிகிறது? ஒவ்வொருத்தன் வாயையும் அளந்து பார்க்கச் சொல்கிறார்களா? இப்படி ஒரு சட்டத்தைப் போட்டவன் வாழ்க்கையில் நாலு பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டிருப்பானா?

விருந்து நடந்தது. நன்றாகவே நடந்தது. எல்லோரையும் கூப்பிட்டேன், எல்லோருக்கும் சமைக்கச் சொன்னேன். இதற்குமேல் கேட்காதே. உன் அண்ணி ஒரு போட்டோவைத் தேடி எடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் முதுகு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

அண்ணன்


மார்ச் 15

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய போட்டோ கிடைத்தது.

இடது பக்கம் தங்கள் மச்சினன். அவர் பக்கத்தில் அவர் மனைவி, வாயில் இனிப்போடு. அப்புறம் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அண்ணியின் அத்தை, அத்தையின் மருமகன். பந்தித் தலைப்பில் தாங்கள், யாரோ அறைந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு. ஊழியர் என்று ஒரு தலைகூட இல்லை. இதைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தால் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போடுவார், அவர் வேலை அவ்வளவு சுலபமாகிவிடும். இது தொழில் செலவல்ல, வீட்டுச் செலவு என்று எழுதி, வரியையும் போட்டு, பொய்க் கணக்கு காட்டியதற்கு அபராதமும் போடுவார். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டவள் நான். என் உரிமத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா?

குடும்பத்தார் வேண்டாம் என்றால் எல்லாக் குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான் என்று நான் நினைத்தேன். சிலருக்கு மட்டும் என்று இப்போதுதான் புரிகிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

என்ன நடந்தது என்று மே மாதத்துக்குள் எழுதாவிட்டால் வேறு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் ஆடிட்டர்


மே 2

பென்சில்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சட்டையோடு சேர்ந்து மெஷினில் போய்விட்டது. அப்படியும் எழுத்து அழியவில்லை. எந்த மையில் எழுதுகிறாய்?

சொல்லிவிடுகிறேன். யாரும் வரவில்லை.

சில பேர் வரவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. நாற்பது பேரில் ஒருத்தர்கூட வரவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், கை குலுக்கி உள்ளே அனுப்புவதற்கு. தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டால் பாய்லர்காரர்தான் என்று நினைப்பேன், யாரோ போவான். பாட்டுக்காரர் வந்து, "ஆரம்பிச்சிடலாமா சார்?" என்றார். "கொஞ்சம் பொறுங்க, எல்லாரும் ஒண்ணா வர்றாங்க" என்றேன். அப்புறம் மறுபடி வந்து கேட்டார். "சரி, பாடுங்க" என்றேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவர்கள் பாடினார்கள். பரிமாற வந்தவர்கள் சுவரோரமாக நின்று என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாப்பாடு வீணாகிறதே என்று உன் அண்ணி அவள் தம்பிக்குப் போன் பண்ணினாள். அவர்கள் வீடு பக்கத்துத் தெரு, உடனே வந்துவிட்டார்கள். வந்தவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "என்ன மாமா, ஆளுங்க யாரும் வரலையா?" என்று கேட்டான். அப்போது எடுத்த போட்டோதான் அது.

மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதைப் பற்றி இன்றுவரை அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நம் அப்பா காலத்துக் கடையில்லை இது, நானே கட்டியது. இத்தனை வருஷம் இவர்கள் எல்லாம் என் மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் கூப்பிடாததற்கு வேறு காரணம் இல்லை. சிவப்பு மையில் அப்படி எழுதி ஒட்டிவிட்டு என் தங்கையை மட்டும் உட்கார வைத்தால் ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று யோசித்தேன்.

வரியையும் அபராதத்தையும் கட்டிவிடுகிறேன். உனக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள். என்னால் போய் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஜனவரியிலேயே இதைச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். சட்டம் யார் வந்தார்கள் என்றா கேட்கிறது? எல்லோரையும் கூப்பிட்டாயா என்றுதான் கேட்கிறது. கூப்பிட்டும் ஒருவரும் வராவிட்டால் அது உன் குற்றமல்ல, விருந்து விருந்துதான். உன்னைக் காப்பாற்றுகிற ஒரே பதிலை நீ இத்தனை மாதமாக நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாய். நான் ஒருத்தி 'யார் வந்தார்கள், யார் வந்தார்கள்' என்று உன்னைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அபராதம் ஒன்றும் கட்ட வேண்டாம். நாற்பது பேரையும் அழைத்தேன், ஒருவரும் வரவில்லை, மிஞ்சிய சாப்பாட்டை என் மனைவியின் வீட்டார் சாப்பிட்டார்கள் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களை அழைத்தார் என்று ஆட்களும் சொல்ல வேண்டும். அதற்கு நீ அவர்களிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும். கஷ்டம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தங்கை


ஜூன் 19

பென்சிலுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது, இஸ்திரிப் பகுதியில் நிற்க முடியவில்லை. அங்கேதான் போய் நின்றேன்.

முதலில் மாட்டவே மாட்டேன் என்றுதான் இருந்தேன். என் கையால் 'ஒருவரும் வரவில்லை' என்று எழுதுவதற்கு நாலு தாள் கிழிந்தது. உன் அண்ணிதான், "தங்கச்சி வேலைக்கு உலை வெச்சுட்டு உங்க மானத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

இஸ்திரி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "கூப்பிட்டீங்களான்னு கேட்டா, கூப்பிட்டீங்க. பொய் சொல்ல மாட்டோம். ஆனா வாரத்துல ஒரு நாள்தான் சார் நான் வீட்டுல இருக்கேன். அந்த ஒரு நாளையும் உங்க மண்டபத்துல கொண்டுவந்து கொடுக்கணும், பிள்ளைங்க வரக் கூடாதுன்னு செவப்புல வேற எழுதிட்டீங்க. அதுங்கள வீட்டுல பூட்டிட்டு வந்து நான் மட்டும் நல்ல சோறு சாப்பிடணுமா?"

"வர மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க எங்க சார் கேட்டீங்க? எழுதி ஒட்டிட்டுப் போயிட்டீங்க. அட்டைகிட்டப் போய் என்னன்னு பதில் சொல்றது?"

எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லையாம். பாய்லர்காரர் எப்படியும் போவார் என்று அக்கா நினைத்திருக்கிறார். அக்கா போவார் என்று பாய்லர்காரர் நினைத்திருக்கிறார். நாம் ஒருத்தர் போகாவிட்டால் தெரியவா போகிறது என்று நாற்பது பேரும் வீட்டில் இருந்துவிட்டார்கள். யாருமே வரவில்லை என்று மறுநாள்தான் தெரிந்திருக்கிறது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேச அவர்களுக்கு வாய் வரவில்லையாம்.

"யாரு சார் அந்த செவப்பு வரிய எழுதச் சொன்னது?" என்று கேட்டார். நானேதான் என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என்னுடையதும் இத்துடன் இருக்கிறது. எழுத்துப் பிழை பார்க்காதே, அப்படியே கொடுத்துவிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணா,

உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? எனக்குப் புது நாற்காலி வந்துவிட்டது. முதுகு பரவாயில்லை, மனசுதான் சரியில்லை.

விசாரணை முடிந்தது. உன் தாளை அதிகாரி படித்தார். தலையை நிமிர்த்தி, "ஒருத்தர்கூடவா வரல?" என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் படித்தார். போன வருஷம் என்னைக் குடைந்த அதே மனிதர், இந்த வருஷம் ஒரு கேள்விகூடக் குறுக்கே போடவில்லை. மச்சினன் வீட்டார் சாப்பிட்ட பங்கை மட்டும் தள்ளிவிட்டு மீதி எல்லாவற்றையும் தொழில் செலவு என்று ஒப்புக்கொண்டார். நாம் ஜெயித்துவிட்டோம். ஜெயித்த மாதிரியே இல்லை.

கிளம்பும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்: "அது சரி, ஊழியருங்களோட வீட்டாளுங்கள ஏம்மா வேணாம்னீங்க? புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க வந்தா அதையும் ஒத்துக்குவோமே. முதலாளி வீட்டு ஆளுங்கதான் கணக்குல வராது." பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் அவர் கேட்ட கேள்வியில் பயந்துபோய், வேண்டியவர்களையும் வேண்டாதவர்களையும் சேர்த்து வெட்டிவிட்டேன். விதியைப் பிரித்துப் படித்திருந்தால் நாத்தனார் பிள்ளைகளை மட்டும் தள்ளியிருப்பேன், மற்ற பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கும். அந்தச் சிவப்பு வரி என்னுடையது. 'நானேதான்' என்று நீ ஏன் சொன்னாய்? என்மேல் ஒரு வார்த்தை கோபமாக எழுதியிருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

இஸ்திரி அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

தங்கை


நவம்பர் 6

பென்சிலுக்கு,

எல்லோரும் சுகம். அதிகாரி என் அவமானத்தைத் தொழில் செலவாக ஏற்றுக்கொண்டதில் உன் அண்ணிக்கு ரொம்பச் சந்தோஷம்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "தங்கச்சிதானா? பாவம், படிச்சவங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் அட்டை கிடையாது. ஒவ்வொருத்தரிடமும் நேரில் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாளில் வையுங்கள் என்றார்கள். டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு மெஷினை நிறுத்தப் போகிறேன். ஓட்டல்காரர்கள் குதித்தார்கள், ஒரு நாள் பழைய விரிப்பில் படுத்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். மண்டபமும் இல்லை. துணி மடிக்கிற மேஜைகளையே சேர்த்துப் போட்டுச் சாப்பாடு. பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். பாய்லர்காரர் பாடுகிறாராம், அதைத் தடுக்க ஏதாவது சட்டம் இருக்கிறதா பார். மச்சினன் வீட்டாருக்குப் போன வருஷச் சாப்பாடே போதும்.

எனக்கு இன்னும் பயம்தான். எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். இருந்தாலும் வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ வர வேண்டும். வர முடியாவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடு. ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்


நவம்பர் 12

அன்புள்ள அண்ணா,

வருகிறேன். காலையிலேயே வந்துவிடுகிறேன். வாசலில் நீ நிற்க வேண்டாம், நான் நிற்கிறேன்.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்று எழுதினேன் அல்லவா? புதுப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டுக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். கடைசி நேரத்திலாவது நீ போன் பண்ணுவாய் என்று சாயங்காலம்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே நீ வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறாய். நாம் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் புடவையைக் கையோடு கொண்டுவந்து அங்கேதான் கட்டிக்கொள்வேன். அக்காவிடம் ஒரு தடவை தேய்த்துத் தரச் சொல், மடிப்பு விழுந்துவிட்டது.

கணக்கில் ஒன்று. என் சாப்பாட்டை ஆட்கள் பங்கில் சேர்க்காதே. நான் உன் ஆள் என்று முன்பு எழுதியது சரியில்லை. 'முதலாளி குடும்பம்' என்று தனியாக எழுதி வை. அதைக் கழிக்க முடியாது. பரவாயில்லை.

பென்சில்